நாற்பதைத் தாண்டாத வேன்

என் அம்மா ஓட்டும் பள்ளி வேனுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ஆமை. சைக்கிளில் போகிறவர்கள்கூட எங்களை முந்திக்கொண்டு போய், திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். அம்மா கண்டுகொள்ள மாட்டார். "சிரிக்கட்டும். பல்லு நல்லா இருக்கு, சிரிக்கிறாங்க" என்பார்.

வேனில் முன்சீட்டு என்னுடையது. மகள் என்பதற்காகச் சும்மா கிடைத்த இடமில்லை அது. எனக்கு ஒரு வேலை உண்டு. வேகம் காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். நாற்பதைத் தொட்டதும் "நாற்பது!" என்று கத்த வேண்டும். அம்மாவின் கண் ரோட்டில், என் கண் முள்ளில். ஆறாம் வகுப்புப் படிக்கிற ஒருத்தியை நம்பி இவ்வளவு பெரிய வேலையை வேறு யார் கொடுப்பார்கள்? வேன் பிள்ளைகள் என்னை 'முள் மேடம்' என்று கூப்பிடுவார்கள். கிண்டல்தான். ஆனாலும் எனக்குப் பிடிக்கும்.

அந்த வியாழக்கிழமை காலையில் வேனில் ஒன்பது பிள்ளைகள் இருந்தோம். பட்டாணி அழுதுகொண்டிருந்தான்.

பட்டாணிக்கு நாலு வயது. எங்கள் பக்கத்து வீடு. போன மாதம்தான் வேன் படியில் தானாக ஏறக் கற்றுக்கொண்டான். "நானே!" என்று கத்திவிட்டுத் தாவுவான். யாராவது கை கொடுத்துவிட்டால் போச்சு, கீழே இறங்கி மறுபடியும் முதலிலிருந்து ஏறுவான். அப்படிப்பட்டவனால் இந்த வாரம் திங்கட்கிழமையிலிருந்து ஏறவே முடியவில்லை. அன்றும் மூன்று தடவை வழுக்கி விழுந்தான். கடைசியில் அம்மா தூக்கி உட்கார வைத்தார். அவனுக்கு மானமே போய்விட்டது.

"வேன் வளர்ந்துடுச்சு!" என்று விசும்பினான்.

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"வேன் தினமும் பால் குடிக்குதுடா, அதான்" என்றான் கடைசி சீட்டுப் பெரிய பையன் ஒருவன்.

பட்டாணியின் அழுகை இன்னும் கூடியது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. திரும்பி உட்கார்ந்து, "வாயை மூடுங்க எல்லாரும்! பட்டாணி, இங்க பாரு, அழக் கூடாது" என்று சமாதானம் செய்ய ஆரம்பித்தேன்.

அப்போதுதான் விசில் சத்தம் கேட்டது.

ஒரு கான்ஸ்டபிள் கையை நீட்டியபடி ரோட்டுக்கு வந்தார். மரத்தடியில் வேகம் அளக்கும் மெஷின் ஒன்று மூன்று காலில் நின்றது. அதன் பக்கத்தில் இன்ஸ்பெக்டர் மேடம் நின்றார்.

அம்மா கண்ணாடியில் பின்னால் பார்த்தார். எங்களுக்குப் பின்னால் எந்த வண்டியும் இல்லை. "நம்மளையா கூப்பிடறாங்க?" என்று கேட்டுக்கொண்டே ஓரமாக நிறுத்தினார்.

"லைசென்ஸ் எடுங்கம்மா" என்றார் இன்ஸ்பெக்டர். "நாற்பதுல போக வேண்டிய ரோடு இது. நாற்பத்தஞ்சுல வர்றீங்க."

அம்மா சிரித்துவிட்டார். அது தப்பாகப் போய்விட்டது.

"நானா? மேடம், என் வண்டிக்குப் பேரே ஆமை!"

"பேர் என்னவா வேணா இருக்கட்டும். மெஷின்ல நாற்பத்தஞ்சு இருக்கு." இன்ஸ்பெக்டர் வேனுக்குள் எட்டிப் பார்த்துத் தலைகளை எண்ணினார். "சாதாரண வண்டின்னா அபராதத்தோட போயிடும். குழந்தைங்களை ஏத்துற வண்டிக்கு ஒரு கிலோமீட்டர் கூடினாலும் நான் விட மாட்டேன். லைசென்ஸ் என்கிட்ட இருக்கட்டும். நாளைக்குப் பத்து மணிக்கு ஆபீஸ்ல விசாரணை. தப்புன்னு முடிவானா, பள்ளி வண்டி ஓட்டுற அனுமதி ரத்து."

ரத்து! எங்கள் வீட்டில் இருப்பது நானும் அம்மாவும்தான். வேன் ஓடினால்தான் அடுப்பு எரியும். அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை.

"மேடம், நான் நாற்பதைத் தாண்டவே இல்ல. என் பொண்ணு முள்ளைப் பார்த்துக்கிட்டே வருவா. அவளைக் கேளுங்க. பொய் சொல்ல மாட்டா."

இன்ஸ்பெக்டர் என் பக்கத்து ஜன்னலுக்கு வந்தார். "நீ முள்ளைப் பார்த்தியா?"

நான் எங்கே பார்த்தேன்? பட்டாணியை அல்லவா பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பார்த்தேன் மேடம். நாற்பதுதான் இருந்துச்சு."

என் வாய் என்னிடம் கேட்காமலே பேசிவிட்டது. கான்ஸ்டபிள் அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டார். எழுதுவார் என்று நான் நினைக்கவே இல்லை. 

பள்ளிக்கூடம் வரைக்கும், பிறகு வேனை வீட்டில் விடும் வரைக்கும் மட்டும் அம்மாவை ஓட்டச் சொன்னார்கள். போலீஸ் வண்டி எங்கள் பின்னாலேயே வந்தது.  பட்டாணிகூட அழுகையை நிறுத்திவிட்டான். பள்ளி வாட்ச்மேன் அந்த வாரம் முழுக்க, "என்னம்மா, நான் கேட்டைத் திறக்குறதுக்குள்ள வந்து நிக்கிறீங்க!" என்று அம்மாவிடம் அதிசயப்பட்டுக்கொண்டிருந்தார். அன்று அவர் பின்னால் வந்த வண்டியைப் பார்த்து வாயைப் பிளந்தபடி நின்றார்.

சாயங்காலத்துக்குள் விஷயம் எல்லா வீடுகளுக்கும் போய்விட்டது. வேன் எங்கள் வாசலில் சும்மா நின்றது. போன் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது.

"சரிங்க... புரியுதுங்க... பரவாயில்லைங்க" என்று அம்மா ஒவ்வொருவருக்கும் சொன்னார். நாளையிலிருந்து பிள்ளையை நாங்களே கொண்டுபோய் விட்டுக்கொள்கிறோம் என்று நாலு வீட்டில் சொல்லிவிட்டார்கள். நாலாவது போனை வைத்துவிட்டு அம்மா ஆக்சிலரேட்டரை மிதிக்கும் தன் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை வருஷமா ஓட்டுறேன். இந்தக் கால் என்னை ஏமாத்திடுச்சோன்னு பயமா இருக்கு" என்றார். பிறகு என் கன்னத்தைத் தடவினார். "நல்லவேளை, நீ பார்த்தே கண்ணு. இல்லன்னா என்னையே நான் நம்பியிருக்க மாட்டேன்."

 'நான் பார்க்கலை' என்ற இரண்டே இரண்டு வார்த்தை. எச்சிலை விழுங்கிப் பார்த்தேன். வரவில்லை. சட்டென்று எழுந்து வாசலுக்கு ஓடிவிட்டேன்.

வாசலில் பட்டாணி இருந்தான். நின்றுகொண்டிருந்த வேனில் ஏறிப் பழகிக்கொண்டிருந்தான். காலைத் தூக்குவதும், வழுக்குவதும், மண்ணைத் தட்டிவிட்டு மறுபடி தூக்குவதுமாக இருந்தான்.

"போடா வீட்டுக்கு" என்றேன். எனக்கு யாரையும் பார்க்கப் பிடிக்கவில்லை.

அவன் போகவில்லை. என் கையைப் பிடித்து இழுத்தான்.

"அக்கா, முன்னாடி இந்தப் படி என் முட்டி வரைக்கும்தான் இருந்துச்சு. இப்ப முட்டிக்கு மேல போயிடுச்சு." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "நான் சின்னதாயிட்டே போறேனா? அப்படியே போய்ப் போய்க் காணாமப் போயிடுவேனா?"

அவன் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அவன் கீழுதடு நடுங்கியது. நாலு நாளாக இந்தக் குட்டிப் பயல் இப்படி ஒரு பயத்தை வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறான், நாங்கள் எல்லாரும் சிரித்திருக்கிறோம். என் கவலையைக் கொஞ்சம் ஓரமாக வைத்தேன்.

"வா, அளந்து பார்த்துடலாம்."

பட்டாணி வீட்டுச் சுவரில் அவன் அம்மா பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறார், அவனுடைய பிறந்தநாளன்று போட்ட கோடு. அவனைச் சுவரோடு சேர்த்து நிற்க வைத்து, தலையில் நோட்டுப் புத்தகத்தை வைத்துப் பார்த்தேன். கோட்டுக்கு மேலே ஒரு விரல் உயரம் இருந்தான்.

"நீ சுருங்கலைடா. ஒரு விரல் வளர்ந்திருக்கே! இதோ பாரு." அந்த இடத்தில் நானே ஒரு புதுக் கோடு போட்டேன்.

பட்டாணி இரண்டு கோட்டையும் மாறி மாறிப் பார்த்தான். மூக்கைத் துடைத்துக்கொண்டான். "அப்போ வேன்தான் வளர்ந்துடுச்சு. நான்தான் முன்னாடியே சொன்னேனே" என்றான்.

சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது.

போன வாரம் ஏறினான். இப்போது இன்னும் வளர்ந்திருக்கிறான். ஆனாலும் ஏற முடியவில்லை. அப்படியானால்?

வேனிடம் ஓடினேன். போன ஞாயிற்றுக்கிழமைதான் மாமா நாலு சக்கரத்தையும் மாற்றிக் கொடுத்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி, வண்டி ரிப்பேர் கடை வைத்திருக்கிறவர். ஐந்தாவது சக்கரமான ஸ்டெப்னியை மட்டும் அவர் மாற்றவில்லை. அது பின்சீட்டுக்கு அடியில் பழையபடியே கிடந்தது. அதை நான் இழுத்தேன், பட்டாணி தள்ளினான். உண்மையைச் சொன்னால் அவன் அதன்மேல் சாய்ந்துகொண்டிருந்தான், அவ்வளவுதான். ஒரு வழியாகக் கீழே இறக்கி உருட்டிக்கொண்டு போய், மாட்டியிருந்த சக்கரத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினேன்.

புதுச் சக்கரம் நாலு விரல் உயரமாக இருந்தது.

வேகம் காட்டும் மீட்டருக்கு ரோடு தெரியாது, சக்கரம் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று மட்டும்தான் தெரியும். மாமாவே ஒருநாள் மீட்டரைக் கழற்றிப் போட்டுக்கொண்டு எனக்குச் சொன்னது இது. அப்படியானால்...

"பட்டாணி, இங்கேருந்து பத்து அடி எடுத்து வச்சு நட. நானும் நடக்கிறேன்."

நடந்தோம். எண்ணினோம். இரண்டு பேருக்கும் பத்துதான். ஆனால் நான் கேட்டுக்கு வெளியே நின்றேன். அவன் பாதி வாசல்கூடத் தாண்டவில்லை. பெரிய சக்கரமும் இப்படித்தான், அதே சுற்றுக்கு அதிக தூரம் ஓடியிருக்கிறது, முள்ளுக்கு அது தெரியவில்லை.

"அம்மா!" நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக் கதவுகூடத் திறந்துகொண்டது.

போன் செய்த கால் மணி நேரத்தில் மாமா வந்துவிட்டார். இரண்டு சக்கரத்தையும் பார்த்தார். நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"பழைய டயர் வழவழன்னு தேய்ஞ்சுபோச்சுக்கா. அந்த சைஸ் கடையில கிடைக்கலை. ஒரு பெரிய வேன் உடைக்க வந்துச்சு, சக்கரம் எல்லாம் புதுசு மாதிரி இருந்துச்சு. போல்ட்டும் கச்சிதமா பொருந்துச்சு. உனக்குத்தானேன்னு ஆசையா மாட்டினேன். மீட்டரைப் பத்தி யோசிக்கவே இல்ல." தலையில் அடித்துக்கொண்டார். "இப்பவே கழட்டிடறேன். வேற டயருக்கு எங்கேயாவது ஏற்பாடு பண்றேன்."

ஸ்பேனரை எடுக்கப் போனவரின் சட்டையைப் பிடித்து நிறுத்தினேன். "கழட்டிட்டா நாளைக்கு எதைக் காட்டுறது மாமா?"

மாமாவும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இதைக் காட்டினா உன் மேல கேஸ் வருமேடா" என்றார் அம்மா.

"வரட்டும்க்கா. மாட்டினவன் நான்தானே?"

அம்மா என்னைக் கட்டிக்கொண்டார். "அப்போ முள் நாற்பதுலதான் இருந்திருக்கு! நீ சொன்னது உண்மைதான் கண்ணு!"

அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாகப் போய்விட்டது. நான் சொன்ன பொய் இப்போது உண்மை மாதிரியே நின்றது. பேசாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். ஆனால் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் மாமாதான் வேனை ஓட்டினார். நான் முன்சீட்டில் உட்கார்ந்து, "முப்பத்தஞ்சு! முப்பத்தஞ்சுக்கு மேல போகாதீங்க!" என்று வழியெல்லாம் விரட்டிக்கொண்டே வந்தேன். 

ஆபீஸில் நீளமான பெஞ்சில் காத்திருந்தோம். பத்து மணிக்குக் கூப்பிட்டார்கள். இன்ஸ்பெக்டர் மேடம், மாமா சொன்னதை எல்லாம் கேட்டார். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

"இந்த நாற்காலியில உட்கார்ந்து நான் கேட்காத கதை இல்ல" என்றார். "மீட்டர் கெட்டுப்போச்சு, கண்ணுல தூசி. போன வாரம் ஒருத்தர் தேனீ கொட்டிடுச்சுன்னார். இந்தப் பெரிய சக்கரத்தை நேத்து ராத்திரி மாட்டலைன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

 இன்ஸ்பெக்டர் ஃபைலைத் திறந்தார். நான் சொன்னதைக் கான்ஸ்டபிள் எழுதிய தாள் அதில் இருந்தது.

"உங்க பக்கம் இருக்கிறது இது ஒண்ணுதான். சொல்லு பாப்பா. நாங்க நிறுத்தின நேரத்துல முள் நாற்பதுல இருந்ததை உன் கண்ணால பார்த்தே. சரியா?"

'சரி' என்று சொன்னால் போதும். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.  

"இல்ல மேடம்."

அம்மாவின் கை என் தோளிலிருந்து நழுவியது.

"நான் அப்போ பின்னாடி திரும்பியிருந்தேன். ஒரு குட்டிப் பையன் அழுதான், அவனைப் பார்த்துக்கிட்டிருந்தேன். நேத்து சொன்னது பொய்."

 இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "ஏன் பொய் சொன்னே?"

"பயம் மேடம்."

"இன்னைக்குப் பயம் இல்லையா?"

"இன்னைக்கும் இருக்கு." குரல் உடைந்துவிடும் போல இருந்தது. உடையும் முன் வேகமாகச் சொல்லி முடித்தேன். "ஆனா நேத்து பார்க்காததை இன்னைக்குப் பார்க்கலாம் மேடம். சக்கரத்தைக் கழட்டவே இல்ல. அதே ரோடு, அதே மெஷின். கான்ஸ்டபிள் அண்ணாவை என் சீட்டுல உட்கார வைங்க. அவர் முள்ளைப் பார்க்கட்டும். சக்கரம் ஞாயித்துக்கிழமையே மாறினதுக்கும் ஆள் இருக்கு. பள்ளி வாட்ச்மேனைக் கேளுங்க, இந்த வாரம்தான் நாங்க சீக்கிரமா போறோம். பட்டாணியைக் கேளுங்க, திங்கட்கிழமையிலிருந்துதான் அவனால ஏற முடியலை."

"பட்டாணி யாரு?"

"அழுத பையன். நாலு வயசு. வேன் வளர்ந்துடுச்சுன்னு முதல்ல சொன்னவன் அவன்தான். நாங்க யாரும் கேட்கலை."

இன்ஸ்பெக்டர் ஃபைலை மூடினார். பிறகு தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். "மெஷினை எடுங்க" என்றார் கான்ஸ்டபிளிடம்.

அதே மரத்தடியில் நின்றோம். அம்மாவையே ஓட்டச் சொன்னார் மேடம். என் சீட்டில் கான்ஸ்டபிள் உட்கார்ந்திருந்தார். வேன் தூரத்தில் போய்த் திரும்பியது. மேடம் கையிலிருந்த வயர்லெஸ்ஸில் கான்ஸ்டபிளின் குரல் கரகரத்தது.

"நாற்பது மேடம். நாற்பதுலயே நிக்குது. தாண்டலை."

வேன் எங்களைக் கடந்து போனது. நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். மாமாதான் என் தலையில் தட்டினார். மெஷினைப் பார்த்தேன்.

நாற்பத்தைந்து.

"இன்னொரு தடவை வரச் சொல்லு" என்றார் மேடம். மறுபடியும் முள் நாற்பது, மெஷின் நாற்பத்தைந்து. மூன்றாவது தடவையும் அதேதான். அப்புறம் மேடம் பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டு வாட்ச்மேனோடும் பேசினார். "ஓஹோ... திங்கட்கிழமையிலிருந்தா... ஓஹோ" என்று மட்டும் சொன்னார்.

அம்மா இறங்கி வந்தார். 

"அபராதம் கட்டித்தான் ஆகணும்மா" என்றார் மேடம். "தெரிஞ்சோ தெரியாமலோ வண்டி நாற்பத்தஞ்சுல வந்துச்சு. உள்ளே ஒன்பது குழந்தைங்க இருந்தாங்க. ஆனா நீங்க வேகமா ஓட்டுறவங்க இல்ல. இந்தாங்க லைசென்ஸ். சரியான டயரை மாட்டி என்கிட்ட காட்டிட்டு, திங்கட்கிழமையிலிருந்து ஓட்டுங்க. பெத்தவங்க யாராவது கேட்டா, எனக்குப் போன் பண்ணச் சொல்லுங்க, நான் பேசறேன்."

அம்மா லைசென்ஸை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

பிறகு மேடம் மாமா பக்கம் திரும்பினார். அதற்கப்புறம் நடந்ததை நான் சொல்லப் போவதில்லை. மாமா பாவம். அவர் காது இரண்டும் சிவந்துபோயின என்று மட்டும் சொல்கிறேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது அம்மா கேட்டார். "நேத்தே என்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீ என்னை அவ்வளவு நம்பினே. அதான்மா."

அம்மா என் தலையைக் கோதிவிட்டார். அப்புறம், "இனிமே பின்னாடி திரும்பணும்னா, 'பார்க்கலை'ன்னு ஒரு சத்தம் போட்டுட்டுத் திரும்பு. அந்த நேரம் நான் பார்த்துக்கிறேன்" என்றார்.

என் வேலை போகவில்லை! எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

சனிக்கிழமை மாமா எங்கெங்கோ அலைந்து சரியான டயர்களைக் கொண்டுவந்து மாட்டினார். இந்தத் தடவை ஸ்டெப்னியைப் பக்கத்தில் வைத்து, விரலால் அளந்து பார்த்துத்தான் மாட்டினார். போன் செய்து வேண்டாம் என்ற நாலு வீட்டில் மூன்று வீட்டுப் பிள்ளைகள் திங்கட்கிழமை வாசலில் நின்றார்கள். நாலாவது பிள்ளை புதன்கிழமை வந்தான்.

அந்தத் திங்கட்கிழமை பட்டாணி வேன் படியை ஒரு நிமிடம் முறைத்துப் பார்த்தான். "நானே!" என்று கத்தினான். தாவினான். ஒரே தாவலில் உள்ளே நின்றான்.

"பார்த்தீங்களா? நான் வளர்ந்துட்டேன்!"

கடைசி சீட்டுப் பெரிய பையன் வாயைத் திறந்தான். "டேய், அது நீ இல்ல, டய..."

நான் திரும்பி ஒரு பார்வை பார்த்தேன். அவன் வாயை மூடிக்கொண்டான்.

"ஆமாம் பட்டாணி, நீ வளர்ந்துட்டே" என்றேன்.

அது பொய் இல்லை. அவன் வீட்டுச் சுவரில் நானே கோடு போட்டிருக்கிறேன்.